பைத்தியப் பட்டமும் பிழைப்பும்



ஒரு ஜவுளிக் கடையில் பத்து வருஷமாய்க் கணக்கெழுதி வரும் குமாஸ்தா ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். அவர் கல்லடைப்பு கண்டு ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் படுத்தால், முதலாளி பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்து, "உடம்பைக் கவனியுங்கள், வேலை எங்கே போகிறது?" என்று சொல்லி வருவார். அதே குமாஸ்தா மனநோய்க்காக ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்து, குணமாகித் திரும்பினால் என்ன நடக்கிறது? அவர் நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பார். கணக்கைத் தீர்த்துக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பத்து வருஷத்தில் ஒரு காசாவது பிசகியதுண்டா என்று ஒருவரும் கேட்பதில்லை. அடுத்த கடைக்குப் போனால், அவருக்கு முன்னே "பைத்தியம்" என்ற பட்டம் அங்கே போய் உட்கார்ந்திருக்கும்.

நான் கேட்கிறேன்: மூளையும் உடம்பைச் சேர்ந்த உறுப்புத்தானே? சர்க்கரை வியாதிக்குத் தினம் ஊசி போட்டுக்கொண்டு முதலாளி கல்லாவில் உட்காரலாம்; தினம் ஒரு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு குமாஸ்தா கணக்கெழுதக் கூடாதா?

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் மூடநம்பிக்கையே. பேய் என்றும், சாபம் என்றும், முன்ஜென்ம வினை என்றும் நம்புகிற இடத்தில் மருந்துக்குப் பதில் சங்கிலிதான் கிடைக்கும். இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6-ந் தேதி ஒரு மனநோயாளர் விடுதி தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டுண்டிருந்தவர்கள் ஓட முடியாமல் போயினர். அத்தீக்கு 28 பேர் பலியானார்கள். அந்தச் சங்கிலியாவது கண்ணுக்குத் தெரிந்தது. கடைக்காரர் போடும் சங்கிலி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நேரே வயிற்றில் விழுகிறது.

"எனக்கு ஆட்சேபணை இல்லை, வாடிக்கைக்காரர்கள் பயப்படுவார்களே" என்கிறார் முதலாளி. சாதிக்கு ஒரு குவளை வைத்திருந்த காப்பிக்கடைக்காரரும் வாடிக்கைக்காரர் மேல்தான் பழியைப் போட்டார். மனநோயாளரில் மிகப் பெரும்பாலோர் யாரையும் அடிப்பவர்கள் அல்லர். பிறரிடம் அடிபடுகிறவர்களே அவர்களில் அதிகம்.

சரி, இதற்கு நாம் என்ன செய்வது? பரிதாபப்பட்டால் போதாது. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நீடித்த மனநோயையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. தனியார் ஸ்தாபனமானாலும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்று வகுத்து வெளியிட வேண்டும் என்கிறது. மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரையிலும், பிறகு 5 லட்சம் வரையிலும் அபராதம் உண்டு. முன்பு சிகிச்சை பெற்றார் என்ற ஒன்றை மட்டும் வைத்து ஒருவரை இன்றும் மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்பது 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம். மத்திய ரிசர்வ் போலீஸ் அதிகாரி ஒருவர் வழக்கில் 2021 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது இன்னும் முக்கியம்: குற்றமாகச் சொல்லப்படும் நடத்தைக்கு மனநோய் முழுக் காரணமாய் இராவிட்டாலும், காரணங்களில் ஒன்றாக இருந்தாலே போதும், அதற்காக ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது பேதம் காட்டுவதாகும் என்றது.

ஆகையால், வேலையை விட்டு நிறுத்தினால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். "நானாகவே விலகுகிறேன்" என்ற காகிதத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு மனுப் போடுங்கள். வக்கீலுக்குப் பணமில்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு.

சட்டம் இருந்துவிட்டால் மட்டும் போதுமா? தீண்டாமைக்கு விரோதமாய்ச் சட்டம் வந்த பிறகும் தனிக்குவளை இருக்கத்தானே செய்தது? ஆதலால் உடன் வேலை செய்கிறவர்கள் வாய் திறக்க வேண்டும். "எங்களுக்குப் பயமில்லை, அவர் எங்கள் பக்கத்திலேயே உட்காரட்டும்" என்று நாலு பேர் சேர்ந்து சொன்னால் முதலாளியின் சாக்கு அங்கேயே செத்துப்போகும். வாடிக்கைக்காரர்களாகிய நீங்களும் அதையே சொல்லுங்கள். முதலாளிமார்கள் பெரிய தியாகம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. தூக்கம் கெட்டால் நோய் திரும்பக்கூடும் என்பதால் இராவேலை வேண்டாம் என்றால் பகலில் கொடுங்கள். மாதம் ஒரு நாள் டாக்டரிடம் போக விடுங்கள்.

கடைசியாக ஒன்று. நம்மில் கடை வைத்திருப்பவர்கள் பலர் இங்கே வந்திருக்கிறார்கள். குணமாகி வந்து வேலை கேட்கும் ஒருவருக்கு நாளைக் காலையில் நீங்கள் சொல்லப்போகும் பதிலில்தான் உங்கள் பகுத்தறிவு தெரியும். இங்கே கை தட்டிவிட்டு அங்கே கதவைச் சாத்தினால், நாம் பேசியதெல்லாம் வீண் பேச்சே ஆகும்.