கிணறு வெட்டியவன் பெயர்

பழைய கிரேக்கர் போற்றிய புகழ் இன்றைய வாழ்வுக்கு வேண்டுமா? இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. யாழ்ப்பாணத் தீவகத்தின் சுருவில் மண்ணில் இருந்துகொண்டு கிரேக்கத்தைப் பற்றி ஏன் கதைக்க வேண்டும் என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். அப்படிக் கதைத்தவர் நம்மவரே. பேராசிரியர் கைலாசபதி, பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கிரேக்க அறிஞர் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்து, ஹோமரையும் நமது சங்கப் பாடல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். 1968இல் ஒக்ஸ்போர்ட் அதை நூலாக வெளியிட்டது. அங்கே பாடகன், இங்கே பாணன். இரண்டு இடத்திலும் வீரன் சாவுக்கு அஞ்சவில்லை, பழிக்கு அஞ்சினான். புகழுக்குக் கிரேக்கன் வைத்த சொல் கிளியோஸ். அதன் வேருக்குக் ‘கேட்டல்’ என்று பொருள். கவனியுங்கள்! செய்தவனின் கையில் புகழ் இல்லை; சொல்பவன் வாயிலும் கேட்பவன் காதிலும் இருக்கிறது. தன் படத்தைத் தானே பதாகையில் அடித்துச் சந்திக்குச் சந்தி கட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். அடுத்த மாரி மழைக்கு அது நிற்காது. இந்தத் தீவில் நல்லதண்ணிக் கிணறு வெட்டிய ஒருவன் இருந்தான். அவனுக்கு எந்தச் சந்தியிலும் பதாகை இல்லை. அவனிடம் பிறகு வருகிறேன்.

அந்தப் புகழ் இரத்தத்தில் நனைந்ததுதானே, போரில் வெந்த மண்ணுக்கு அது எதற்கு என்று கேட்பீர்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்தக் கேள்வியைக் கிரேக்கரே கேட்டுவிட்டார்கள். நீண்ட ஆயுளா, அழியாப் பெயரா என்று வந்தபோது பெயரை எடுத்தவன் அக்கிலீஸ். அதே அக்கிலீஸை ஒடிசி காவியம் செத்தவர் உலகத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது. இங்கே எல்லோருக்கும் அரசனாய் இருப்பதிலும் மேலே ஓர் ஏழையிடம் கூலியாளாய் உயிரோடு இருப்பது மேல் என்கிறான் அவன். இலியட் எங்கே முடிகிறது? வெற்றி விழாவிலா? மரக்குதிரைகூட அதில் இல்லை. எதிரி வீரன் ஹெக்டரின் ஈமச்சடங்கில் முடிகிறது. கிழவன் பிரியாம் தன் மகனைக் கொன்ற கையையே முத்தமிட்டுப் பிரேதத்தைக் கேட்கிறான். கொன்ற அக்கிலீஸும் அழுகிறான். எத்தனை நாள் வேண்டும் என்று கேட்டுப் போரை நிறுத்துகிறான். ஒன்பது நாள் அழுவதற்கு, பத்தாம் நாள் சடங்குக்கு, பதினோராம் நாள் மேடு கட்டுவதற்கு! தாய்மாரே, 2017இல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரப் பந்தலில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தோடு போய் இருந்தார்களே, அந்தத் தாய்மாருக்கு இந்தப் பதினொரு நாளில் ஒரு நாள் கிடைத்ததா? உடலைத் தந்தார்களா? ஒரு பதிலைத்தான் தந்தார்களா? கிரேக்கன் இன்றைக்கு வேண்டுமா என்றால், இந்த ஒரு கேள்வியைக் கேட்பதற்காகவே வேண்டும்.

சரி, புகழ் அரசனுக்கும் தளபதிக்கும் உரியது, சாதாரண சனத்துக்கு என்ன என்பார்கள். கி.மு. 490இல் மரதன் களத்தில் மாண்ட ஏதென்ஸ்காரர் 192 பேர். அங்கேயே மேடு எழுப்பி, குலவாரியாக அவர்களின் பெயரைக் கல்லில் வெட்டினார்கள். அங்கே ஒரு குறை இருந்தது. பின்னொரு போரில் மாண்டவர்களைப் போற்றிப் பேசிய ஏதென்ஸ் தலைவன் பெரிக்கிளீஸ், ஆண்கள் வாயில் பெயர் அடிபடாமல் இருப்பதே பெண்ணுக்குப் பெருமை என்றான். அந்த இடத்தில் நான் அவனோடு இல்லை. யாழ்ப்பாணம் அவனை வென்றுவிட்டது! நடுகல்லுக்குக் கல்லைத் தேடுவது முதல் வாழ்த்துவது வரை ஆறு படிகளைத் தொல்காப்பியம் சொல்கிறது. அந்தக் கல் இன்று காகிதமாகி நம் வீட்டுக்கு வருகிறது. முப்பத்தோராம் நாள் கையில் தருகிறோமே, அதற்குக் ‘கல்வெட்டு’ என்றுதானே பெயர்? அட்டையில் படம், உள்ளே வரலாறு, புலம்பல் பாட்டு. வீரனுக்கு நட்ட கல் இன்று நம் ஆச்சிக்கும் கிடைக்கிறது.

ஆனால் அந்தக் கல்வெட்டைப் பிரித்துப் பாருங்கள். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய், பிள்ளைகள் கனடா, லண்டன், சுவிஸ். அந்த மனுசி என்ன செய்தா என்று ஒரு வரி இருக்கிறதா? இங்கேதான் என் ஆள் வருகிறான். தீவகத்தில் நல்லதண்ணி பொன். வெட்டிய கிணறு எத்தனை உவர்த்துப்போனது! கிணற்றுக் கட்டில் வெள்ளையடிக்கக் காசு தந்தவரின் பெயர் பெரிய எழுத்தில் நிற்கிறது. அடியில் இறங்கிக் கல்லுடைத்துத் தண்ணி கண்டவன் பெயர் இல்லை. இளைஞர்கள் பெயருக்கு அலைகிறார்கள் என்று பழிக்கிறோம். அலையட்டும், எதற்காக என்பதைக் காட்டுவோம். இதே தீவின் கரம்பனில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள் என்ன செய்தார்? 1679இல் அச்சான, பாதிரியார் புரோயென்சாவின் தமிழ்-போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்து, 1966இல் மலேசியாவில் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். ஏறக்குறைய முந்நூறு ஆண்டு மறந்துகிடந்த இன்னொருவன் உழைப்பை அவர் பேசவைத்தார். அவர் பெயர் நிற்கிறது.

அடுத்த கல்வெட்டு அச்சுக்குப் போகும்போது ஒரு பக்கம் கூட்டுங்கள். எந்த வள்ளம் ஓட்டினார், எத்தனை பிள்ளைக்கு ஏடு தொடக்கினார், எந்தக் கிணற்றில் இறங்கினார் என்று எழுதுங்கள். அறிந்தவர்கள் இந்த முன்வரிசையிலேயே இருக்கிறார்கள், எழுபது எண்பது வயதில். நாளை விடிய அவர்களின் வீட்டு விறாந்தையில் போய் இருந்து கேளுங்கள்: அப்பு, அந்தக் கிணத்தை வெட்டினது ஆர்?