பழைய பதிவேட்டின் நகல்

திருநெல்வேலி மாநகராட்சி 1994இல் உருவானது. அதற்கு முன் பாளையங்கோட்டையும் மேலப்பாளையமும் தனித்தனி நகராட்சிகள். ஆகவே பழைய பிறப்பு, இறப்புப் பதிவைத் தேடுபவர், நிகழ்வு அன்று யாருடைய எல்லைக்குள் நடந்தது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

பதிவு நடப்பது குடும்பம் வாழும் ஊரில் அல்ல, நிகழ்வு நடந்த இடத்தில். அம்பாசமுத்திரத்துத் தாய்க்குப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் குழந்தை பிறந்திருந்தால், அம்பாசமுத்திரம் நகராட்சியில் எத்தனை ஏட்டைப் புரட்டினாலும் பெயர் கிடைக்காது. வீண் அலைச்சலில் பெரும்பகுதி இதனால் வருவதுதான்.

பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம், 1969இன் 17ஆம் பிரிவின்படி, எவரும் கட்டணம் செலுத்திப் பதிவேட்டில் தேடச் சொல்லலாம். சான்றிட்ட நகலும் பெறலாம். இறப்பின் காரணம் மட்டும் அதில் இடம்பெறாது. அண்மைக்காலப் பதிவுகளை இணையத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். பழையவற்றுக்கு மனுதான் வழி: தேதி, இடம், பெற்றோர் பெயர் சரியாக இருந்தால் தேடல் சுருக்கமாக முடியும். பதிவு இல்லையென்றால் இல்லை என்பதற்கும் சான்று உண்டு. ஓராண்டு கடந்த நிகழ்வைப் புதிதாகப் பதிய, அந்தத் தாளோடு வருவாய்க் கோட்டாட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும்.