உங்கள் கணக்கை எப்போது பார்ப்பீர்கள்?



கல்லாவை எண்ணி, பேரேட்டில் எழுதிவிட்டுத்தான் கடையை அடைக்கிறீர்கள். உங்களை எப்போது எண்ணிப் பார்த்தீர்கள்?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 1091-ல் பாக்தாத் நிஜாமிய்யா மதரஸாவின் பேராசிரியரானார். 300 மாணவர்கள், அரசவையில் மரியாதை. நாமாக இருந்தால் சுவரொட்டியே அடித்திருப்போம்! அவரோ, எதற்காகப் பாடம் சொல்கிறோம் என்று தம்மையே விசாரித்தார். புகழுக்காக என்று உள்ளம் சாட்சி சொன்னது. ஏறத்தாழ ஆறு மாதப் போராட்டம். பாடம் சொல்ல நா எழவில்லை, உணவு இறங்கவில்லை. 1095-ல் பதவியை உதறிவிட்டு டமாஸ்கஸ் போனார்.

கவனியுங்கள், 1106-ல் நிஷாப்பூரில் மறுபடியும் பாடம் நடத்தினார்! தொழில் அதேதான், நிய்யத்துதான் வேறு.

ஆகவே கடையை மூடச் சொல்லவில்லை. ஊரார் பாராட்டாவிட்டாலும் எந்த வேலையை நீங்கள் விடமாட்டீர்கள்? இன்று இஷாவுக்குப் பின் செல்போனை அணைத்துவிட்டு, இந்த ஒரு கேள்வியோடு பத்து நிமிடம் உட்காருங்கள்.