இலவச வைத்தியமும் அளவு மிஞ்சிய மருந்தும்



வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் வழங்குவது மட்டக்களப்பார் மரபு. படுவான்கரைச் சிற்றூரொன்றிலிருந்து நகரத்துப் போதனா வைத்தியசாலைக்குச் செல்வோர் வாவியைக் கடந்தே ஆகவேண்டும். மண்முனைத்துறையில் 2014இல் பாலம் திறக்கப்படும் வரை, 'பாதை' என்று நாம் அழைக்கும் மிதவைக்காகக் கரையில் காத்து நின்றோர் பலர். நான் பேச எடுத்துக்கொண்ட பொருளுக்கும் அந்தக் காத்திருப்புக்கும் தொடர்பு உண்டு.

ஐக்கிய அமெரிக்காவில் மருந்தும் போதைப்பொருளும் அளவு மிஞ்சியதனால் 2019இல் இறந்தோர் 70,630 பேர். கொரோனா பரவிய 2020இல் அத்தொகை 91,799 ஆயிற்று. 2021இல் ஓர் இலட்சத்தையும் தாண்டிற்று. இத்தனைக்கும், 'மெடிக்கெயிட்' எனப்படும் வறியோருக்கான அரசாங்கக் காப்புறுதியில் உள்ளவர்களை, மேலதிக நிதி பெறும் மாநிலங்கள் நீக்கலாகாது என்று 2020 மார்ச் மாதத்தில் அந்நாடு சட்டம் செய்திருந்தது. அந்த ஏற்பாடு 2023 மார்ச் வரை நீடித்தது. ஆயினும் ஃபென்டனில் என்னும் கொடிய மருந்து எங்கும் கலந்திருந்தது, மக்கள் தனித்திருந்தார்கள், சிகிச்சை நிலையங்கள் பல சுருங்கிப் போயின. காப்புறுதி வேண்டுவதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அஃதில்லாத ஏழை வாசலையே மிதிக்க அஞ்சுவான். வாசலுக்குப் போய்ச் சேர வழி இருந்ததா என்பதே என் கேள்வி.

நமது நாட்டில் அட்டையும் வேண்டாம், சந்தாவும் வேண்டாம். அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் 1951இல் நீக்கப்பட்டது. 1971இல் ஒரு சிறு கட்டணம் தலைகாட்டி, 1977இல் மறைந்தது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுகள் வெறுமையாகி, நோயாளர் வெளிக்கடைகளில் வாங்கும்படி ஆயிற்று என்பதையும் மறைப்பதற்கில்லை.

இங்கே நாம் அஞ்சவேண்டிய மருந்து ஃபென்டனில் அன்று; வீட்டு அலுமாரியில் இருக்கும் பரசிற்றமோல். பனடோல் என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான். அளவோடு உண்டால் நல்ல மருந்து. நல்ல உடல்நிலையுள்ள வளர்ந்தவர் 500 மில்லிகிராம் குளிசையை ஒரு நாளில் எட்டுக்கு மேல் உண்ணலாகாது. மெலிந்தவரும் ஈரல் நோயுள்ளவரும் இன்னும் குறைத்தே உண்ணவேண்டும். தடுமன் மருந்துகள் சிலவற்றிலும் இதுவே வேறு பெயரில் ஒளிந்திருக்கும். அளவு மிஞ்சினால் முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஈரல் கெடுவது பின்னர்தான் வெளிப்படும். அசிற்றைல்சிஸ்ரீன் என்னும் மாற்று மருந்து எட்டு மணி நேரத்துக்குள் கிடைத்தால் பெரும்பாலும் உயிருக்குப் பழுதில்லை. பிந்தினாலும் போகத்தான் வேண்டும்.

2021 ஆகஸ்ட் மாதத்தில் நாடு மூடப்பட்டிருந்தபோது படுவான்கரையில் என் பெரியம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. வைத்தியசாலைக்குப் போனால் தனிமைப்படுத்தும் முகாமுக்குக் கொண்டுபோய் விடுவார்கள் என்று அவருக்கு அச்சம். கிளினிக்கில் முன்பு தந்த குளிசையையும், கடையில் வாங்கிய வேறொரு பெயர்க் குளிசையையும் மாறி மாறி விழுங்கியிருக்கிறார். இரண்டும் ஒன்றே என்பதை உறைகளை வாசித்துக் கண்டுபிடித்தவள் பள்ளிக்கூடம் போகும் பேத்தி. "எனக்கு ஒண்டுமில்ல புள்ள" என்று கிழவி மறுத்திருக்கிறார். பிள்ளை கேட்கவில்லை; 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்துவிட்டாள். 2016இல் தெற்கிலும் மேற்கிலும் தொடங்கிப் பின்னர் தீவெங்கும் பரவிய அந்த இலவச அம்புலன்ஸ், ஊரடங்கு வீதியில் வந்து, பாலத்தைக் கடந்து அவரைக் கொண்டுபோயிற்று.

நான்காம் நாள் வீடு திரும்பினார். ஒரு சதமும் செலவில்லை. இப்போது அவ்வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், எத்தனை மணிக்கு எத்தனை குளிசை என்பதைச் சுவர்க் கலண்டரில் பென்சிலால் எழுதி வைக்கிறாள் அந்தப் பேத்தி.