சிந்தாமல் வடித்தல்



பழைய மோட்டார் வண்டியின் எஞ்சினைக் குளிர்விக்கும் நீரை மண்ணில் ஒரு துளியும் விழாமல் வடித்தெடுப்பது எப்படி? இதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இதற்கு ஒரு வானொலிப் பேச்சு வேண்டுமா என்று சிலர் நகைக்கலாம். இந்தச் சிறு வேலையில் பௌதிகம் இருக்கிறது, ரசாயனம் இருக்கிறது, அயலாரின் உயிரைப் பற்றிய பொறுப்பும் இருக்கிறது. ஆதலால் இது பேசத் தக்கதே என்பது என் கருத்து.

பெட்ரோல் எரிந்து தரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை எஞ்சினைச் சுற்றி ஓடும் நீரே ஏற்று, வெளியே கொண்டுபோய் விடுகிறது. 1886இல் கார்ல் பென்ஸ் காட்டிய வண்டியில் நீர் கொதித்து ஆவியாகிப் போயிற்று. வழியெல்லாம் மீண்டும் மீண்டும் நீர் ஊற்ற வேண்டியிருந்தது. 1900இல் வில்ஹெல்ம் மேபாக் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் 8,070 சிறு குழல்களைத் தேன்கூடுபோல் அடுக்கி ஒரு ரேடியேட்டரை அமைத்தார். காற்று அக்குழல்களின் வழியே புகுந்து நீரைக் குளிர்வித்தது. அதே நீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் வழி அதனால் செம்மையுற்றது. உத்தரபாராவில் 2014 வரை உருவான நம் நாட்டு அம்பாசடர் வண்டியிலும் அடிப்படை இதுவே.

ஆனால் வெறும் நீர் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். உப்பு நீராயின் கொதிகெண்டியின் அடியில் படிவதுபோல் உள்ளே படிந்து வழியை அடைக்கும். கடுங்குளிரில் உறைந்து விரிந்து எஞ்சினையே பிளந்துவிடும். ஆகவே எத்திலீன் கிளைகால் என்னும் திரவத்தையும், துருவைத் தடுக்கும் மருந்துகளையும் நீரில் கலக்கிறார்கள். சரிபாதிக் கலவை பூஜ்யத்திற்குக் கீழே ஏறத்தாழ 37 டிகிரி சென்டிகிரேட் வரை உறையாது. 100 டிகிரியைக் கடந்த பின்னரே கொதிக்கும். இதைத்தான் பட்டறைகளில் கூலண்ட் என்கிறார்கள்.

இதில் ஓர் அபாயம் உண்டு. கிளைகால் இனிக்கும். தரையில் தேங்கிய கூலண்டை நாய் நக்கும், பூனை குடிக்கும், பச்சை நிறத்தைக் கண்ட குழந்தை விரலைத் தோய்த்து வாயில் வைக்கும். உடலினுள் அது ஆக்ஸாலிக் அமிலமாக மாறி, சுண்ணாம்புச் சத்துடன் கூடிப் படிகமாகிச் சிறுநீரகத்தில் தங்குகிறது. ஒரு பூனையைக் கொல்ல ஒரு தேக்கரண்டி அளவே போதும். முதலில் குடிமயக்கம் போன்ற தள்ளாட்டம் தோன்றும். பின்பு தேறிவிட்டது போலும் இருக்கும். அதன் பிறகே சிறுநீரகம் கெடும். மாற்று மருந்து உண்டு. ஆயினும் காலம் தாழ்த்தினால் அது பயன்படாது. எவரேனும் விழுங்கிவிட்டார் என்று ஐயம் எழுந்தாலே உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக்கை இட்டு, சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுங்கள். ஜாக்கி ஒன்றையே நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் புகாதீர்கள். எஞ்சின் முற்றும் ஆறும்வரை பொறுத்திருங்கள். ரேடியேட்டரின் மூடி உள்ளே அழுத்தத்தைக் கட்டி வைத்திருக்கிறது. அழுத்தம் மிகுந்தால் கொதிநிலையும் உயரும். சூட்டில் மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று தாழும். அதுவரை அடங்கியிருந்த நீர் அக்கணமே கொதித்து முகத்தில் பாயும். மேற்குழாயைத் தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும். அதன் பின் மூடியை ஒரு படி மட்டும் திருப்பி, அழுத்தம் இல்லை என்று தெளிந்து, மறுபடியும் இறுக மூடிவிடுங்கள்.

திருகைத் தொடுமுன் அகன்ற பேசின் ஒன்றை அடியில் வையுங்கள். வண்டியின் கையேட்டில் கண்ட கூலண்ட் அளவு முழுவதையும் அது கொள்ள வேண்டும். ரேடியேட்டரின் அடியிலுள்ள பித்தளைத் திருகின் மூக்கில் ஒரு ரப்பர்க் குழாயை மாட்டி, மறுமுனையைப் பேசினுக்குள் விடுங்கள். இல்லையேல் நீர் கீழுள்ள இரும்புச் சட்டத்தில் பட்டு நாற்புறமும் தெறிக்கும்.

மேல்மூடி மூடியிருக்கும்போதே திருகைத் திறப்பதுதான் இதில் நுட்பம். உறிஞ்சுகுழலில் நீரை நிரப்பி மேல்வாயை விரலால் அடைத்தால் நீர் விழுவதில்லை. காற்றின் அழுத்தம் அதைத் தாங்குகிறது. அதே விதிப்படி இங்கும் நீர் மெல்லவே வரும். குழாய் சரியாக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு, மூடியைச் சிறிது சிறிதாகத் தளர்த்தினால் ஓட்டம் உங்கள் கைக்கு அடங்கும். திருகு அசையாவிட்டால் வலிந்து முறுக்காதீர்கள். பழைய பித்தளை ஒடிந்துவிடும். துரு அடைத்திருந்தால் மெல்லிய கம்பியால் குத்திவிடலாம். எஞ்சினின் பக்கத்திலும் ஒரு வடிதிருகு இருந்தால் அதையும் இவ்வாறே திறக்க வேண்டும். ரேடியேட்டர் வடிந்த பிறகும் எஞ்சினுக்குள் நீர் தங்கியிருக்கும்.

வடிந்ததை அளந்து பாருங்கள். கையேட்டின் அளவைவிட மிகக் குறைந்தால் எங்கேனும் மிச்சம் நிற்கிறது என்று பொருள். பிறகு நல்ல நீர் விட்டு அலம்புங்கள். அலம்பிய நீரிலும் கிளைகால் கலந்திருப்பதால் அதையும் பேசினில் பிடிக்க வேண்டும். தவறிச் சிந்தியதன்மேல் மரத்தூளைத் தூவி, ஊறியதும் வாரி எடுத்துக் கட்டி வையுங்கள்.

பேசின் நிறைந்துவிட்டது. அதை எங்கே கொட்டுவது? சாக்கடையிலும் ஆகாது, மரத்தடியிலும் ஆகாது. குளத்தை அடைந்தால் அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள பிராணவாயுவைத் தின்றுவிட, மீன்கள் மூச்சுமுட்டி மடியும். பழைய ரேடியேட்டர்களை ஈயம் கலந்த பற்றாசால் ஒட்டியிருப்பதால் ஈயமும் அதில் கரைந்திருக்கக் கூடும். ஆகவே மூடியுள்ள டப்பாவில் புனல் வைத்து ஊற்றி, ‘நஞ்சு’ என்று பெரிதாக எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். குடிநீர்ப் புட்டியில் மட்டும் ஊற்றாதீர்கள். கழிவு எஞ்சின் எண்ணெயோடும் கலக்காதீர்கள். பழைய கூலண்டை முறைப்படி பெற்றுக்கொள்ளும் பட்டறையிடமோ, அபாயக் கழிவைக் கையாள உரிமம் பெற்றவரிடமோ சேர்த்துவிடுங்கள்.

வேலை முடிந்த இடத்தைப் பார்த்தே வேலைக்காரனை மதிப்பது பட்டறை மரபு. எஞ்சின் நன்றாக ஓடினால் வண்டிக்காரர் நம்மைப் பாராட்டுவார். தரை உலர்ந்து கிடந்தால் பாராட்ட ஒருவரும் வரமாட்டார். தெரு நாய் வந்து முகர்ந்துவிட்டு, நக்குவதற்கு ஒன்றும் இல்லாமல் தன் வழியே போய்விடும். அவ்வளவுதான் நமக்குக் கிடைக்கும் சான்றிதழ். அதைப் பெறும் அளவுக்கு உங்கள் கைகள் பழகட்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறேன்.