பள்ளிக்கூடத்துக் கருவியும் தோட்டத்து மண்ணும்



இன்றைக்கு உரத்தைப் பற்றியோ பூச்சி மருந்தைப் பற்றியோ பேசப் போவதில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கையாளுகிற ஒரு சின்னக் கருவியைப் பற்றிச் சொல்லப் போகிறேன். "அதுக்கும் எங்க தோட்டத்துக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது.

சென்சார் என்ற பெயர் நம் அவிநாசிப் பக்கத்துக்குப் புதிதல்ல. 2024 ஆகஸ்ட் 17-ல் துவங்கிய அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தில் 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானித் தண்ணீரைக் கொண்டுவர ஏற்பாடு செய்தார்கள். குளத்து நீர்மட்டத்தைக் கண்டு சொல்ல, சூரிய ஒளியில் இயங்கும் சென்சார் கருவிகளையும் வைத்தார்கள். அதே இனத்துச் சின்னக் கருவிகள்தான் இப்போது பள்ளிக்கூடத்துக்குள்ளும் வந்திருக்கின்றன. மத்திய அரசின் நிதி ஆயோக் 2016-ல் துவக்கிய அடல் டிங்கரிங் ஆய்வகங்களில், 6 முதல் 12-ம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் வெப்பம், வெளிச்சம், மண்ணின் ஈரம் எல்லாவற்றையும் இவற்றைக் கொண்டு அளந்து பழகுகிறார்கள்.

போன கோடையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அவிநாசிக்குப் பக்கத்து ஊரில் ஒரு விவசாயி வாழை வைத்திருந்தார். எட்டாவது படிக்கிற அவர் மகள், பள்ளிக்கூடத்து ஈரமானியை வாத்தியாரிடம் கேட்டு வாங்கிவந்து மரத்தடியில் குத்திப் பார்த்தாள். இரண்டு முள்ளும், ஒயரும், எண் காட்டுகிற சின்னப் பலகையும்தான் அந்தக் கருவி. "நல்ல ஈரம்" என்று காட்டியது. அப்பா மண்ணைக் கையில் அள்ளிப் பிசைந்தார். உருண்டை பிடிக்கவில்லை, உதிர்ந்துவிட்டது. "அம்மிணி, உன்ற மிசினு பொய் சொல்லுது" என்றார்.

அந்த நேரம் பார்த்து நான் போய்ச் சேர்ந்தேன். "கருவி சொன்னாச் சரியாத்தான் இருக்கும்ங்க. நாலு நாள் கழிச்சுத் தண்ணி கட்டுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். நாலாம் நாள் போனால் இலையெல்லாம் துவண்டு, ஓரம் கருகிக் கிடந்தது. தப்பு என்னுடையதுதான். அவரிடமே அதை ஒப்புக்கொண்டேன்.

அந்தப் பெண் விடவில்லை. வகுப்பில் போய்ச் சொல்லியிருக்கிறாள். வாத்தியார் பதிலைச் சொல்லாமல், "சோதிச்சுப் பார்த்துடலாம்" என்றார். காய்ந்த மண்ணை இரண்டு டப்பாவில் ஒரே எடை போட்டார்கள். ஒன்றில் பிடித்துவைத்த மழைத்தண்ணீர், இன்னொன்றில் அதே அளவு அந்தத் தோட்டத்துப் போர்த் தண்ணீர். இரண்டிலும் ஈரம் ஒன்றுதான். ஆனால் போர்த் தண்ணீர் ஊற்றிய மண்ணைத்தான் "அதிக ஈரம்" என்று கருவி காட்டியது!

காரணம் இதுதான். அந்த வகைக் கருவி தண்ணீரை நேராக அளப்பதில்லை. இரண்டு முள்ளுக்கும் நடுவே மண்ணில் எவ்வளவு சுலபமாக மின்சாரம் பாய்கிறது என்று பார்த்து எண் சொல்கிறது. ஈரம் கூடினாலும் மின்சாரம் நன்றாகப் பாயும். உப்பு கூடினாலும் பாயும். உப்புத் தண்ணீர் பாய்ந்த மண்ணில் உப்பைக்கூட ஈரம் என்று அது சொல்லிவிடும். உங்கள் மண்வள அட்டையில் "மின்கடத்தும் திறன்" என்று ஒரு வரி இருக்கும். மண்ணில் உள்ள உப்பின் அளவைக் காட்டுவது அதுதான்.

அப்படியானால் கருவி வேண்டாமா? வேண்டும். ஆனால் உங்கள் மண்ணுக்கு ஏற்ப அதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு வழி இருக்கிறது. வேர் ஓடுகிற ஆழத்தில் கொஞ்சம் மண் எடுத்து எடை போடுங்கள். ஆய்வகமாக இருந்தால் 105 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 24 மணி நேரம் காய வைப்பார்கள். வீட்டில் பழைய வாணலியில் போட்டு, இளந்தீயில் கிளறி, எடை மேலும் குறையாமல் நிற்கிறவரை காய வைத்தால் ஓரளவு கணக்குக் கிடைத்துவிடும். 120 கிராம் மண் காய்ந்து 100 கிராம் ஆனால், போன தண்ணீர் 20 கிராம். ஈரம் 20 சதம். அதே மண்ணில் கருவி காட்டிய எண்ணைப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஈரமாக இருக்கும்போது ஒரு தடவை, நடுத்தரமாக இருக்கும்போது ஒரு தடவை, வறண்டபோது ஒரு தடவை இப்படி எழுதிவைத்தால், பிறகு கருவியின் எண்ணுக்கு அர்த்தம் புரியும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. மணற்பாங்கான மண்ணில் 20 சதம் ஈரம் தாராளம். கனத்த களிமண்ணில் அதே 20 சதத்தில் பயிர் வாடக்கூடும். பக்கத்துத் தோட்டத்துக் கணக்கு உங்கள் தோட்டத்துக்குச் செல்லாது.

பெரியோர்களே, உங்களிடம் மூன்று வேண்டுகோள். ஒன்று, பிள்ளை கருவியோடு தோட்டத்துக்கு வந்தால் "போய்ப் படி" என்று விரட்டாதீர்கள், அதுவும் படிப்புத்தான். இரண்டு, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். தண்ணீர் கட்டிய தேதி, மோட்டார் ஓடிய நேரம், கருவியின் எண், கையில் பிசைந்து பார்த்த பதம் இந்த நான்கையும் எழுதச் சொல்லுங்கள். மூன்று, கருவியும் உங்கள் கையும் வேறு வேறு சொன்னால் இரண்டில் ஒன்றை உடனே தள்ளிவிடாதீர்கள். மண்ணை எடை போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அந்த ஒரு வேலையை நான் செய்திருந்தால் அந்த வாழை துவண்டிருக்காது.

இப்போது அந்தத் தோட்டத்தில் அப்பா மண்ணைப் பிசைந்து பதம் சொல்ல, மகள் எண்ணைப் படித்து நோட்டில் எழுதுகிறாள். போரில் தண்ணீர் கீழே போய்க்கொண்டிருக்கிற நம் பக்கத்தில், தேவைக்குமேல் ஒரு மணி நேரம் மோட்டார் ஓடாமல் இருந்தால் அது நம் பிள்ளைகளுக்கு மிச்சம் வைத்த தண்ணீர் அல்லவா?