நாடியை எண்ணி நடப்போம்

உத்தியோகத்தின் பொருட்டு டில்லியிலும் மும்பையிலும் நாகபுரியிலும் குடியேறியுள்ள நம்மில் பலருக்குப் பகல் முழுவதும் நாற்காலியே இருப்பிடம். ஐம்பது வயதை எட்டியதும் வைத்தியர், “நடக்கத் தொடங்குங்கள்” என்கிறார். மறுநாள் விடியற்காலையிலேயே பூங்காவிற்குச் சென்று, இளைஞர்களுக்குச் சமமாக ஓட முற்படுகிறோம். அபாயம் இங்கேதான் இருக்கிறது. தெற்காசிய மக்களுக்கு மாரடைப்புப் பிறரைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே நேரிடுகிறது என்பது ஆராய்ச்சிகளால் தெளிவாகியுள்ளது. ஆகவே, பயிற்சியின்போது இருதயத்தை எவ்வளவு விரைவாகத் துடிக்கவிடலாம் என்பதை நாம் அறிந்திருத்தல் அவசியம்.

நம் பாட்டனார் காலத்து வைத்தியர் மூன்று விரல்களால் நாடி பிடித்து வாத பித்த கபங்களை ஆராய்ந்தார். நமக்கு வேண்டியது எண்ணிக்கை மட்டுமே. மணிக்கட்டில் கட்டைவிரலுக்கு நேர் கீழே இரு விரல்களை மெல்ல வைத்து, 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். கட்டைவிரலால் எண்ணலாகாது, அதற்கும் துடிப்பு உண்டாகையால் கணக்குக் குழம்பும். பயிற்சிக்கு இடையே எண்ணுவதாயின், நின்றவுடனே 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குக; தாமதித்தால் துடிப்புத் தணிந்துவிடும்.

இருதயத்தின் உச்ச வேகத்தை அறிய, 220இலிருந்து வயதைக் கழிக்கச் சொல்வார்கள். ஐம்பது வயதினருக்கு அது 170. அதில் பாதி முதல் நூற்றுக்கு எழுபது பங்கு வரை, அதாவது 85 முதல் 119 வரை, மிதமான பயிற்சி. இந்தக் கணக்கு, 1971இல் ஃபாக்ஸ் முதலிய அமெரிக்க அறிஞர்கள் பிறர் ஆய்வுகளைத் தொகுத்து உத்தேசமாகக் கண்டது. 2001இல் தனாகா குழுவினர், 208இலிருந்து வயதில் பத்தில் ஏழு பங்கைக் கழிப்பதே பொருத்தம் என்றனர். எழுபது வயதினருக்கு முன்னது 150 தருகிறது, பின்னது 159. இரண்டும் சராசரிகளே. ஒருவருடைய உண்மையான உச்சம் அதற்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்புகள் மேலேயோ கீழேயோ இருப்பது சர்வசாதாரணம். எனவே கைக்கடிகாரத்தில் மின்னும் எண்ணை வேதவாக்காகக் கொள்வது, நம் கருத்தில், பேதைமை.

இரத்த அழுத்தத்திற்காக அட்டினலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரைகளை உட்கொள்வோருக்கு இக்கணக்கு அறவே பொருந்தாது. அம்மருந்துகள் துடிப்பையே அடக்கிவைப்பதால், எண் ஏறவில்லையே என்று வேகத்தைக் கூட்டுவது விபரீதம். இவர்கள் தமக்குரிய எல்லையை வைத்தியரிடமே கேட்டறிய வேண்டும்.

அனைவருக்கும் உகந்த எளிய சோதனை ஒன்று உண்டு. நடந்துகொண்டே உடன் வருபவரோடு பேச முடிய வேண்டும். ஆனால் பாட்டுப் பாட முடியலாகாது. அதுவே மிதமான வேகம். பாட முடிந்தால் சற்று விரைந்து நடக்கலாம். நான்கு சொற்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். முதல் சில வாரங்கள் பத்து நிமிட நடையே போதும்.

ஊரின் சீதோஷ்ணமும் கணக்கில் சேரும். நாகபுரியின் கோடையிலும் மும்பையின் புழுக்கத்திலும் அதே நடைக்கு இருதயம் கூடுதலாகத் துடிக்கும். சிம்லா போன்ற மலையூருக்கு மாற்றலாகிச் சென்றோர்க்கு முதல் சில நாட்கள் அவ்வாறே. டில்லியில் குளிர்காலத்துப் புகைமூட்டம் கடுமையாயுள்ள நாட்களில் வீட்டுக்குள்ளேயே நடப்பது உசிதம்.

மார்பில் பாரம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமற்ற வியர்வை, தலைசுற்றல் – இவற்றுள் ஒன்று தோன்றினும் அக்கணமே நின்று உட்கார்ந்துவிட வேண்டும். நீரிழிவு உள்ளோருக்கு வலியே தோன்றாமல் மூச்சுத் திணறல் மட்டும் வரக்கூடும். 112 என்ற எண்ணை அழைத்து உதவி கோரலாம். அப்போது பதற்றத்தில் அயல்மொழி நாவில் வராது. ஆகையால் வீட்டு முகவரியையும், உட்கொள்ளும் மருந்துகளின் பெயர்களையும் அவ்வூர் மொழியில் ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையிலோ கைப்பையிலோ வைத்துக்கொண்டு நடக்கப் புறப்படுவோம்.